வலையா, உத்தியோகமா?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டுக் குப்பங்களில் ஒரு காட்சியைக் காணலாம். வெளிச்சம் முதலில் தெரியும். முழக்கம் பின்னால் வந்து சேரும். சிறுவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பார்கள். பெரியவர்களோ, "கடலுக்குப் போகக்கூடாதுன்னுட்டாங்க. இன்னிக்குப் பொழப்பு போச்சு" என்று கணக்குப் பார்ப்பார்கள். ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தப் பக்கத்துக் கடலில் மீன் பிடிக்கப் போகக் கூடாதல்லவா?

வானத்தில் ஓடும் புகைக்கோடு ஒன்றுதான். பிள்ளைக்கு அது கனவு, தகப்பனுக்கு நஷ்டம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் ஏரிக்கரைப் பையனின் மனத்தில் இந்த இரண்டும்தான் மோதிக்கொள்கின்றன. அடுத்து என்ன? வலையா, உத்தியோகமா?

ஏரி போடும் கணக்கு

தகப்பன் கவலையை லேசாக எண்ணிவிடக் கூடாது. பழவேற்காடு சாதாரண ஏரியல்ல. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி. நீளம் சுமார் 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. இரண்டும் கலப்பதனால்தான் இங்கே இறால் செழிக்கிறது. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் ஏரியின் வளம் குன்றும், அடுப்பும் அடங்கும்.

இந்த வளத்தைச் சண்டையின்றிப் பங்கிட்டுக்கொள்ள முன்னோர் வகுத்த ஏற்பாடுதான் 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் தீர்மானித்து வந்திருக்கிறார்கள். நல்ல இடம் வலுத்தவனுக்கு, மோசமான இடம் இளைத்தவனுக்கு என்ற பேச்சே இதில் கிடையாது. எவ்வளவு நேர்த்தியான நியாயம்!

ஆனால் அந்த நியாயத்துக்குள்ளேயே ஒரு சங்கடமும் இருக்கிறது. வலை போடும் இடங்கள் கூடுவதில்லை, ஆட்கள் கூடுகிறார்கள். உதாரணத்துக்கு, 10 இடங்களை 30 பேர் பங்கிட்டால் மூன்று நாளைக்கு ஒருமுறை தன் பங்கு வரும். அவர்களே 60 பேரானால் ஆறு நாளைக்கு ஒருமுறைதான். வீட்டில் உள்ள இரண்டு பிள்ளைகளும் வலையையே நம்பினால் இருவருக்கும் அரை வயிறு. "நீயாவது படிச்சுப் பொழச்சுக்கடா" என்று தகப்பன் சொல்வது ஏரியின் மீதுள்ள வெறுப்பினால் அல்ல. இந்தக் கணக்கு தெரிந்ததனால்தான்.

ராமேஸ்வரத்துப் பையன்

ஏரிக்கு அப்பால் தெரியும் அந்த ராக்கெட் தளத்தின் சரித்திரத்திலேயே இந்தப் பையனுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்த ஒருவரின் மகன் அப்துல் கலாம். திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்து முடிக்கும் தருணத்தில்தான் தமக்கு வேண்டியது பொறியியல் என்று அவர் உணர்ந்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தமக்கை தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

அவருடைய ஆசையோ விமானம் ஓட்டுவது. 1958-ல் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். வந்தவர்கள் 25 பேர், இடங்கள் எட்டு, அவருக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம். மனம் உடைந்தது உண்மை. ஆனால் டில்லியில் விமானத் தொழில்நுட்பத் துறையில் கிடைத்த உத்தியோகத்தை அவர் உதறிவிடவில்லை. ஓட்ட முடியாவிட்டாலும் பறப்பவற்றின் அருகிலேயே இருந்தார். 1980 ஜூலை 18-ல், அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் சேர்த்தது. அதற்கு முந்திய ஆண்டு கிளம்பிய முதல் ராக்கெட் கடலில் விழுந்திருந்தது.

எல்லாரும் ஜனாதிபதி ஆகிவிட முடியாது. ஆனால் ஆசை இருக்கும் திசையிலேயே சோறு போடும் வேலையைத் தேடலாம். அது எல்லாராலும் முடியும்.

எந்த ஆசை, எந்தக் கதவு?

பையன் முதலில் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: "எனக்குப் பிடித்தது எது?" படகைச் செலுத்துவதா, எஞ்சினா, மீனா, ராக்கெட்டா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

படகும் எஞ்சினும் பிடித்தவனுக்கு, மத்திய அரசு 1963-ல் கொச்சியில் தொடங்கிய மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிலையம் இருக்கிறது; சிஃப்னெட் என்பார்கள். சென்னையிலும் அதன் கிளை உண்டு. பத்தாம் வகுப்பு தேறியவர்கள் கப்பல் செலுத்தவோ எஞ்சின் பராமரிக்கவோ இரண்டாண்டு கற்கலாம். ஆனால் சான்றிதழ் கையில் வந்ததும் பெரிய பதவி கிடைத்துவிடாது. கப்பலில் குறிப்பிட்ட காலம் உழைத்து, தகுதிப் பரீட்சையும் எழுதித்தான் மேலே ஏற வேண்டும்.

மீனின் வாழ்வை அறிய விரும்புகிறவர்களுக்கு வெகுதூரப் பயணம் வேண்டாம். ஏறக்குறைய 20 கிலோமீட்டரில், பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே நான்காண்டுப் பட்டப்படிப்பு. பெண் பிள்ளைகளும் சேரலாம். மீனவர் பிள்ளைகளுக்கென ஒதுக்கீடும் உண்டு. இறால் பண்ணை, மீன் பதப்படுத்தும் ஆலை, வங்கி, அரசு மீன்வளத் துறை என்று பல இடங்களில் இந்தப் பட்டத்துக்கு வேலை இருக்கிறது, போட்டியும் இருக்கிறது.

ராக்கெட்டே வேண்டும் என்பவன் கணிதத்தையும் பௌதிகத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பொறியியல் பட்டம் எட்டாவிட்டாலும் ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டரும் எலெக்ட்ரீஷியனும் ஸ்ரீஹரிகோட்டா தளத்துக்கு வேண்டியவர்களே.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் சிநேகிதன் எடுத்த பாடப்பிரிவையே தானும் எடுத்துவிடுவது! மீன்வளப் பட்டத்துக்கு உயிரியல் அவசியம். பொறியியலுக்குக் கணிதம் அவசியம். வணிகவியல் எடுத்தவனுக்கு இரண்டு கதவுகளும் அடைபட்டுவிடும். அது தெரிய வரும்போது இரண்டு வருஷம் ஓடிப் போயிருக்கும்.

படிப்பதென்றால் ஏரியை மறப்பது என்று அர்த்தமல்ல. நீர் எப்போது ஏறும், எந்தக் காற்றில் இறால் படும் என்பதெல்லாம் தகப்பனுக்குப் பாடம். அதைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த பிள்ளை, கல்லூரி வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால்தான் நிற்பான். விடுமுறையில் வலை பிடிப்பது அவனுக்கு அவமானமும் அல்ல.

பரீட்சை முடிவு வருவதற்குள், தகப்பனும் பிள்ளையும் ஒருநாள் பஸ் ஏறிப் பொன்னேரிக்குப் போய்வரட்டும். கல்லூரியை நேரில் பார்த்து, செலவு என்ன, உதவித்தொகை என்ன என்று விசாரிக்கட்டும். ஒரு நாள் பிழைப்பு போகும்தான். அந்த ஒரு நாளை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டியதில்லை.