வீட்டுத் தோட்டமும் நீரிழிவு நோயாளியின் கால்களும்

பங்குனி பிறந்துவிட்டால் எமது புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. தைப்பட்டத்துச் செடிகள் காய்த்து ஓய்ந்து, தொட்டிகளைக் கவிழ்த்து மண்ணைக் கிளறி, சித்திரைப்பட்டத்துக்கு வெண்டையும் கொத்தவரையும் ஊன்றத் தொடங்கும் காலம் அது. "தோட்ட வேலை செய்யலாமா, டாக்டர்?" என்று நோயாளி தயங்கிக் கேட்பார். அருகில் அமர்ந்திருக்கும் மகள் முந்திக்கொள்வார்: "வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க சார். நாங்க சொன்னா அப்பா கேக்கறதே இல்ல."

நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. நீரிழிவு உள்ளவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது மருத்துவ நெறி. நடைப்பயிற்சிக்குச் செல்லச் சொன்னால் மூன்றாம் நாளே நின்றுவிடுபவர்கள், தோட்டத்துக்கு ஆண்டு முழுவதும் சலிப்பின்றிச் செல்கிறார்கள். மண் கொத்துவதும் வாளியில் நீர் சுமப்பதும் நல்ல உழைப்பே. ஆனால் 'செய்யலாம்' என்ற அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வது மருத்துவரின் பிழையாகும். இதை நான் ஒரு நோயாளியிடமிருந்து கற்றேன்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். ஒரு சித்திரை மாதம் முற்பகல் பதினொரு மணியளவில் மொட்டைமாடிக்குச் சென்று, வாடிக் கிடந்த கீரைப் பாத்திக்கு நீர் ஊற்றியிருக்கிறார். பத்து நிமிட வேலைதானே என்று காலணி அணியவில்லை. இறங்கி வந்து உணவருந்திவிட்டு உறங்கியும்விட்டார். மாலையில் அவர் நடந்த தடமெல்லாம் தரையில் ஈரமாக இருப்பதை அவர் மனைவிதான் கண்டார். இரு உள்ளங்காலிலும் கொப்புளங்கள் எழுந்து உடைந்திருந்தன. அவருக்கு வலியே தெரியவில்லை. ஒரு காலின் புண் ஆறக் கோடை முழுவதும் ஆயிற்று. மறுகாலில் சுண்டுவிரலை அகற்ற நேர்ந்தது. தோட்டத்தைக் கைவிடவேண்டாம் என்று அவருக்குச் சொன்னவன் நான். காலணியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வலி ஓர் எச்சரிக்கை மணி. நீரிழிவு நரம்புகளைத் தாக்கும்போது மிக நீண்ட நரம்புகளே முதலில் பழுதுறுகின்றன. ஆகவே கால்விரல் நுனிகளில் தொடங்கி உணர்ச்சி மேல்நோக்கிக் குறைந்து வருகிறது. சிலருக்கு எரிச்சலும் மதமதப்பும் தோன்றும். பலருக்கு எதுவுமே தோன்றாது. அவர்களே அதிக இடருக்குள்ளாகிறவர்கள். தம் கால் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் முழுமனத்தோடு நம்புவார்கள். முள் தைத்தாலும், செருப்பினுள் சரளைக்கல் கிடந்தாலும், வெயிலில் காய்ந்த சிமெண்ட் தளம் சுட்டாலும் அவர்களுக்குச் செய்தி போய்ச் சேராது. நண்பகலில் கோவில் பிரகாரத்தை வெறுங்காலோடு வலம்வந்து கால் வெந்து வருபவர்களும் இவர்களே. பத்து கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை இக்குறையைக் காட்டிக்கொடுக்கும். வலியில்லை, சில நிமிடங்களே ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்துகொள்ளுங்கள்.

தோட்டத்துக்கு ரப்பர் செருப்பு போதாது. கால்விரல்களை மூடும், குதிகால் நழுவாத, அடிப்பகுதி தடித்த காலணி வேண்டும். உள்ளே பருத்திக் காலுறை. அணியும் முன் காலணியைக் கவிழ்த்துத் தட்டி, உட்புறம் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கூழாங்கல்லும் ஆணியும் மட்டுமன்றித் தேளும் அங்கே புகுந்திருக்கக்கூடும். களை பிடுங்கவும் எரு கலக்கவும் கையுறை அணியுங்கள். வேலை முடிந்தபின் சோப்பிட்டுக் கால் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கண்பார்வை குறைந்தவர்களுக்கு இதை வீட்டிலுள்ளோர் செய்யட்டும். தோட்டத்துக்குப் போகாதே என்று தடுப்பதைவிட இது பயனுள்ள உதவி.

காயம் பட்டுவிட்டால் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவித் தூய துணியால் மூடுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். அவை காயத்தை ஆற்றா, அதன் ஆழத்தை எங்கள் கண்ணிலிருந்தும் மறைத்துவிடும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மண்பட்ட காயம் என்பதால், இறுதியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் தேவைப்படும்.

மண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெலியாய்டோசிஸ் என்றொரு நோய் உண்டு. 1912-ஆம் ஆண்டு ரங்கூனில் பணியாற்றிய விட்மோர், கிருஷ்ணசுவாமி என்னும் இரு மருத்துவர்கள் இதை முதன்முதலில் விவரித்தனர். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா, தோலிலுள்ள சிறு வெடிப்பின் வழியாகவோ மூச்சின் வழியாகவோ உடலுக்குள் புகுகிறது. தமிழகத்திலும் இது காணப்படுகிறது, மழைக்காலத்தில் மிகுதி. நீரிழிவு உள்ளோரையே இது பெரிதும் பற்றுகிறது. நாள்பட்ட காய்ச்சல், நெஞ்சுச்சளி, எடைக்குறைவு, கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி என்று இது காசநோயைப் போலவே வேடமிடும். வழக்கமான ஆன்டிபயாடிக் மருந்துகள் பலவற்றுக்கு இது அடங்குவதில்லை. உரிய மருந்தை நரம்பு வழியே குறைந்தது பத்து நாள்களும், பின்னர் மாத்திரையாகச் சில மாதங்களும் தர வேண்டியிருக்கும். இது அரிய நோய். இதற்கு அஞ்சி மண்வெட்டியைப் பரணில் ஏற்ற வேண்டாம். ஆனால் காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் 'நான் மண்ணில் வேலை செய்கிறவன்' என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். பல நேரங்களில் நாங்கள் கேட்க மறந்துவிடுகிறோம். அந்த ஒரு தகவல் இரத்தக் கல்ச்சர் பரிசோதனையை உரிய காலத்தில் செய்ய வைக்கும்.

மக்கிய உரத்தையும் தென்னைநார்க் கழிவையும் உலர்ந்த நிலையில் கொட்டும்போது பூஞ்சை வித்துகள் பறக்கும். சிறிது நீர் தெளித்துவிட்டு, முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில் கலக்கவும். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களும், புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோரும் எரு கலக்கும் பணியையே பிறரிடம் விட்டுவிட வேண்டும்.

இனி, சர்க்கரை தாழும் இடர். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு, சிற்றுண்டியைத் தள்ளிப்போட்டுவிட்டு, 'இந்த ஒரு பாத்தியை முடித்துவிடலாம்' என்று வெயிலில் நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கை நடுங்கும், வியர்க்கும், சொல் குழறும். வியர்வையை வெயிலின் மேல் போட்டு வேலையைத் தொடர்வார்கள். வெயிலா, தாழ்சர்க்கரையா என்று ஆராயாமல் வேலையை நிறுத்தி, நிழலில் அமர்ந்து, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்துங்கள். கால்மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழிருந்தால் மீண்டும் அருந்துங்கள். நினைவு தடுமாறியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். கடும் உழைப்பின் விளைவு அன்றிரவு வரை நீடிக்கும்; அதிகாலையில் சர்க்கரை தாழ்வது முந்தைய நாள் தோட்ட வேலையால் இருக்கலாம். புதிதாகப் பாத்தி வெட்டும் நாளில் இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

காலில் ஆறாத புண் உள்ளவர்கள் அது ஆறும்வரை தோட்டத்தில் இறங்கலாகாது. நாற்காலியில் அமர்ந்து குழித்தட்டில் விதை ஊன்றலாம், பந்தலுக்குக் கயிறு முறுக்கலாம். மண் தரை கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்த ஆசிரியர் இன்று காலை ஏழு மணிக்குள் நீர் ஊற்றி முடித்துவிடுகிறார். செடிக்கும் அதுவே நல்லது. பாத்தியில் சருகு மூடாக்கு இட்டால் பதினொரு மணிக்கு மீண்டும் ஏற வேண்டிய தேவையே இராது. மாடிப்படியின் கடைசிப் படியில் அவருடைய காலணி இருக்கிறதாம். அதை அணியாமல் கதவைத் திறக்க அவர் மனைவி விடுவதில்லை.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, தோட்டத்தில் நீங்கள் அணியும் காலணியைப் புதிதாகத் துடைக்காமல் அப்படியே ஒரு பையில் எடுத்து வாருங்கள். அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால், உங்கள் காலில் எங்கே அழுத்தம் விழுகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.