கைக்கு ஒரு வேலை; கருத்துக்கு ஓர் அமைதி

மனிதனின் கை வாளா இருக்க விரும்பாத உறுப்பு. சொற்பொழிவு கேட்கும் சபையிலே ஒருவர் சால்வைத் தலைப்பைத் திருகுகின்றார். இன்னொருவர் விரல் மோதிரத்தைச் சுழற்றுகின்றார். வேறொருவர் பேனை மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருக்கின்றார். இவற்றை எவரும் குற்றமாகக் கொள்வதில்லை. ஆனால், வகுப்பறையிலே ஒரு சிறுவன் அழிறப்பரைக் கிள்ளிக்கொண்டோ காலை ஆட்டிக்கொண்டோ இருப்பானாயின், ‘குழப்படிக்காரன்’ என்ற பட்டம் உடனே அவனுக்குச் சூட்டப்பட்டுவிடுகின்றது. அப்பட்டம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எளிதிற் கழன்று போவதில்லை.

இத்தகைய பிள்ளைகளின் பெற்றோரை நோக்கி, ‘இதனை வாங்கிக் கொடுங்கள், பிள்ளை அமைதியாகப் படிப்பான்’ என்று கூவி விற்கப்படும் பொருள்கள் இன்று பல. விரலிலே சுழலும் ‘ஸ்பின்னர்’, பொத்தான்களும் ஆழிகளும் பதித்த சிறு கனசதுரம், அழுத்தினாற் குழியும் ‘பொப் இற்’ தட்டு, கைக்குள் அடங்கும் மெத்தென்ற பந்து என அவை பல வடிவின. இவை மெய்யாகவே கவனத்தை வளர்க்கின்றனவா? அன்றி, கவனத்தைக் கெடுக்கும் மற்றுமொரு விளையாட்டுத்தானா? பெற்றோரும் ஆசிரியரும் ஆராய்ந்து தெளியவேண்டிய வினா இது.

புதியனவும் பழையனவும்

மேலே கூறிய கனசதுரம் 2016 ஆம் ஆண்டிலே அமெரிக்கச் சகோதரர் இருவரால் அறிமுகஞ் செய்யப்பட்டது. அதனைத் தயாரிப்பதற்குப் பொதுமக்கள் முன்கூட்டியே வழங்கிய தொகை 64 இலட்சம் டொலருக்கு மேற்பட்டது. மறு ஆண்டு, 2017 இல், ஸ்பின்னர் உலகெங்கும் காட்டுத்தீப் போற் பரவிற்று. பரவிய வேகத்திலேயே அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பல பாடசாலைகள் அதனை வகுப்பறைக்குள் வரவொட்டாது தடுத்தன. 2021 இல் பெயர் பெற்ற பொப் இற்றோ, இஸ்ரேலைச் சேர்ந்த கொஸ்டர் தம்பதியர் 1975 ஆம் ஆண்டளவில் வகுத்த விளையாட்டொன்றின் வழிவந்தது.

பெயர்கள் புதியனவேயன்றிப் பழக்கம் பழையதே. சீனத்துப் பவோடிங் நகரிலே, உள்ளங்கையில் இரு உலோக உருண்டைகளை உருட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. கிரேக்க நாட்டு முதியோர் ‘கொம்பொலோய்’ எனும் மணிச்சரத்தை விரல்களிடையே தள்ளியபடி உரையாடுவர். நம்மவரிடையே 108 மணிகள் கோத்த உருத்திராக்கச் செபமாலை உண்டு. அது வழிபாட்டுக்கு உரியது. விளையாட்டுப் பொருளோடு வைத்து எண்ணத் தகாதது. எனினும், விரல் ஓர் ஒழுங்கில் இயங்க உள்ளம் ஒன்றிலே நிலைக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்றாகும்.

காரணம் யாது?

கேட்பதற்குச் சுவையற்ற ஒன்றை நீண்ட நேரம் கேட்கும்போது மனம் சோர்வடைகின்றது. சோர்ந்த மனம் பகற்கனவிலே புகுகின்றது. அவ்வேளையிலே கைக்கு மிகச் சிறியதொரு வேலை கிடைக்குமாயின், மூளையின் விழிப்பு நிலை தாழாது காக்கப்படுகின்றது என்பது உளவியலார் சிலரின் கொள்கை.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜாக்கி அன்ட்ரேட் என்பவர் 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு உதாரணம். சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தியொன்றை 40 பேர் கேட்டனர். அவர்களிற் பாதிப்பேர் காகிதத்திலிருந்த சிறு வடிவங்களுக்குப் பென்சிலால் நிழலிட்டபடி கேட்டனர்; ஏனையோர் வெறுமனே கேட்டனர். பின்னர் சோதித்தபோது, நிழலிட்டவர்களே 29 சதவீதம் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர்.

2015 இல் மத்திய புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இதனிலும் சிந்திக்கத் தக்கது. அவர்கள் 8 முதல் 12 வயது வரையான சிறுவர்களுக்கு நினைவாற்றற் பயிற்சி கொடுத்து அவதானித்தனர். கவனக் குறைவு மிகை இயக்கக் கோளாறு உடைய சிறுவர்கள், கூடுதலாக அசைந்தபோது பயிற்சியைச் சிறப்பாகச் செய்தனர். அக்கோளாறு இல்லாத சிறுவர்களோ, கூடுதலாக அசைந்தபோது பின்தங்கினர். ஒருவனுக்கு ஊன்றுகோலாவது மற்றவனுக்கு இடறுகல்லாகலாம் என்ற பாடத்தை இவ்வாய்வு நமக்குப் புகட்டுகின்றது.

சுழலி செய்யும் தீங்கு

அங்ஙனமாயின் ஸ்பின்னரை வாங்கிக் கொடுக்கலாமே எனச் சிலர் கருதக்கூடும். இங்கேதான் விழிப்பு வேண்டும். கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்து 2020 இல் வெளியான ஆய்விலே, ஸ்பின்னரைச் சுழற்றியபடி விரிவுரையைப் பார்த்தவர்கள், அது இல்லாமற் பார்த்தவர்களிலும் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனர். மிகை இயக்கக் கோளாறுடைய இளஞ்சிறாரை ஆராய்ந்த பிறிதொரு குழுவினரும், ஸ்பின்னர் கையிலிருக்கையில் கவனச் சிதறல் மிகுந்ததையே கண்டனர்.

பென்சில் உதவுகையில் ஸ்பின்னர் ஏன் கெடுக்கின்றது? சுழலும் பொருள் கண்ணை இழுக்கின்றது. கண் போன வழியே கருத்தும் போகின்றது. கைப்பொருளை ஆராய்வதற்கு ஏற்ற உரைகல்லும் இதுவே. பாராமலே பயன்படுத்தத் தக்கதாய், ஓசை எழுப்பாததாய், வெற்றி தோல்வி இல்லாததாய் உள்ள பொருளே கவனத்துக்குத் துணையாகும். படபடவென ஒலிக்கும் பொப் இற் இடைவேளைக்கு உரியது. பாட வேளைக்கு உரியதன்று.

பரீட்சை அச்சம்

கவனம் ஒருபுறமிருக்க, அமைதி என்பது வேறொன்று. புலமைப்பரிசில் பரீட்சைக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கும் அமரும் பிள்ளைகளிற் பலர், படித்திருந்தும் அச்சத்தினாலே கைநடுங்குவதை நாம் காண்கின்றோம். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929 இல் வெளியிட்ட நூலிலே, தசைகளை இறுக்கிப் பின் தளர்த்துவதன் மூலம் உடலிறுக்கத்தை உணர்ந்து நீக்கும் முறையை விளக்கினார். மெத்தென்ற பந்தை ஐந்து எண்ணும்வரை இறுகப் பிடித்து, பத்து எண்ணும்வரை மெல்ல விடுதல் அம்முறையை ஒட்டிய எளிய பயிற்சியே. பரீட்சை மண்டபத்துக்குச் செல்லுமுன் நாலைந்து முறை இதனைச் செய்து பார்க்கலாம். பந்து இல்லையேல் வெறுங்கையே போதும்.

ஓட்டிசம் உடைய பிள்ளைகளின் நிலை வேறு. ஓசை, ஒளி, தொடுகை ஆகியவற்றை அவர்களது புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ உணரக்கூடும். ஒரு பிள்ளைக்கு ஆறுதலளிக்கும் சொரசொரப்பு மற்றொரு பிள்ளைக்கு வேதனையாகலாம். அவர்களுக்கு ஏற்றதைத் தெரிந்தெடுக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளரின் ஆலோசனை வேண்டும். எந்த விளையாட்டுப் பொருளும் எந்தக் கோளாற்றையும் குணப்படுத்துவதில்லை. குணப்படுத்தும் என்று சொல்லி விற்பவன், பெற்றோரின் கவலையையே விலையாக்குகின்றான்.

வீட்டிலே செய்யக்கூடியவை

இவற்றுக்காகப் பெரும் பணம் செலவிட வேண்டுவதில்லை. துணியிலே சிறு பை தைத்துப் புளியங்கொட்டையோ பயறோ இட்டு மூடிவிட்டால் நல்லதொரு கைப்பொருள் ஆயிற்று. ஐந்தாறு முடிச்சுகள் இட்ட தடித்த கயிறு, மேசையின் அடிப்புறத்தில் ஒட்டிய வெல்க்ரோத் துண்டு, கொக்கான் விளையாட்டுக் கற்களிலே வழுவழுப்பான ஒன்று ஆகியனவும் உதவும்.

ஆயினும் சில எச்சரிக்கைகள் அவசியம். அழகாயிருக்கின்றது என்று குன்றிமணியைப் பையிலிட வேண்டாம். அதன் பருப்பு கொடிய நஞ்சு. வெளிச்சம் வீசும் ஸ்பின்னர்களிலே சிறிய பொத்தான் பற்றரிகள் உண்டு. அவற்றைக் குழந்தை விழுங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயிற் கடும் எரிகாயம் உண்டாகும். சிறு காந்த உருண்டைகளும் குடலைத் துளைக்க வல்லன. இவை மழலைகள் உள்ள வீட்டிலே இருக்கத் தகாதவை.

ஆசிரியர் கவனத்துக்கு

வகுப்பிலே இதனை அனுமதிக்கும் ஆசிரியர் சில விதிகளை வகுத்துக்கொள்ளல் நன்று. பொருள் மேசைக்குக் கீழே கையில் இருத்தல் வேண்டும், எறியப்படலாகாது, அயலானுக்குக் கை மாறலாகாது. இரு வாரங்கள் பார்த்து, எழுத்தும் விடையும் முன்னேறினால் மாத்திரம் தொடரலாம், இல்லையேல் நிறுத்திவிடலாம். ‘அவனுக்கு மாத்திரம் ஏன்?’ என ஏனைய மாணவர் கேட்பர். கண்பார்வை குறைந்தவனுக்கு மூக்குக்கண்ணாடி கொடுப்பது எவ்வாறு சலுகையன்றோ, அவ்வாறே இதுவும் சலுகையன்று என்று விளக்கிவிடலாம்.

ஒரு பிள்ளை அசைகின்றான் என்றால், அவன் கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிடல் ஆகாது. கேட்பதற்காகவே அவன் அசைகின்றானோ என ஒருகணம் எண்ணிப் பார்க்கவேண்டும். நல்ல நித்திரை, ஓடியாடும் மாலைப்பொழுது, பாடத்தினிடையே சிறிது எழுந்து நடக்கும் சுதந்திரம் ஆகியன எந்தக் கடைப் பொருளிலும் மேலானவை. அவற்றைக் கொடுத்த பின்னரும் விரல்கள் வேலை தேடுமாயின், ஏசுவதை விடுத்து, ஏற்றதொரு சிறு பொருளை அக்கையிலே கொடுப்போமாக.