உங்களுக்குத் தெரியுமா? பழவேற்காட்டுக்கு வடக்கே ஒரு ஏவுதளம்

மனிதன் செய்த முதல் செயற்கைக்கோள், சோவியத் ஒன்றியம் 1957 அக்டோபர் 4 அன்று ஏவிய ஸ்புட்னிக் 1. விட்டம் 58 செ.மீ., எடை 83.6 கிலோ. 96 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிய அந்த உலோகப் பந்து, பேட்டரி தீரும்வரை மூன்று வாரம் 'பீப், பீப்' என்று ஒலித்தது. விண்வெளிப் போட்டி தொடங்கிவிட்டது.

நம் செயற்கைக்கோள் ஆரியபட்டாவும் 1975இல் சோவியத் ராக்கெட்டில்தான் போனது. சொந்த ராக்கெட்டுக்கு அமைந்த இடம் ஸ்ரீஹரிகோட்டா. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஓடும் மின்சார ரயிலில் சூலூர்ப்பேட்டையில் இறங்கினால், பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் கிடக்கும் தீவு அது. கிழக்கே திறந்த கடல் என்பதால் கழன்று விழும் பாகங்களால் ஊருக்கு ஆபத்தில்லை. கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சியும் கைகொடுக்கும்.

1979 ஆகஸ்டில் அங்கிருந்து ஏவிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர், ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். அவரும் குழுவும் தளரவில்லை. 1980 ஜூலை 18 அன்று 35 கிலோ எடையுள்ள ரோகிணி சுற்றுப்பாதையை எட்டியது. இந்திய மண்ணிலிருந்து இந்திய ராக்கெட்டில் போன முதல் செயற்கைக்கோள்!

ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள். படகுகள் கரையிலேயே நிற்கும். நாட்டின் ஒவ்வொரு வெற்றியிலும் அவர்கள் இழந்த ஒரு நாள் வருமானமும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி மொட்டை மாடிகளில் நெருப்புக் கோடு முதலில் தெரியும். உறுமல் வந்துசேர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும்.