எண்ணுதற்கரிய நாடு

1929-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், நைஜீரியா நாட்டின் தென்கிழக்கிலுள்ள ஒலோக்கோ என்னும் சிற்றூரில், நுவானியெருவா என்னும் பெண்ணொருத்தி தன் முற்றத்தில் எண்ணெய்ப்பனையின் பழத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஆங்கில அரசினர் அவ்வூர்க்கு அமர்த்தியிருந்த தலைவனின் ஆள் ஒருவன் அவண் வந்து, அவளுடைய ஆடுகளையும் வீட்டிலுள்ள மக்களையும் எண்ணிச் சொல்லுமாறு பணித்தான். அவள் சினந்து, அவன் தாயை எவரேனும் எண்ணினரோ என்று திருப்பி வினவினாள். வாய்ச்சண்டை கைச்சண்டையாக முற்றிற்று. முந்திய ஆண்டில்தான் ஆடவர்மீது வரி விதிக்கப்பட்டிருந்தது. அவ்வரிக்கு முன்னும் ஓர் எண்ணிக்கை நடந்ததை ஊரார் மறந்தாரல்லர். இனிப் பெண்டிர்க்கும் வரி வரும் என்னும் செய்தி சந்தைக்குச் சந்தை பரவ, ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டெழுந்தனர். அரசினரின் படை சுட்டதில் ஐம்பதின்மர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். வரலாற்று நூலார் இதனைப் பெண்டிர் போர் என்பர். இரண்டாண்டு கழித்து, 1931-இல் குடிமதிப்பு நடந்தபோது அப்பகுதியின் ஊர்கள் பலவற்றில் எண்ணுவோர் புகத் துணியவில்லை. வடக்கிலோ வெட்டுக்கிளி வந்து அலுவலரின் கவனத்தையெல்லாம் தன்பால் இழுத்துக்கொண்டது.

எண்ணப்படுதற்கு இங்ஙனம் அஞ்சிய மக்கள், ஒரு தலைமுறை கழிவதற்குள், இயன்ற மட்டும் மிகுதியாக எண்ணப்படுதற்குப் போட்டியிடுவாராயினர். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதனால் அந்நாட்டார்க்கு விளைந்த தீங்கு யாது என்பனவற்றை என் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

நைஜீரியாவில் இறுதியாகக் குடிமதிப்பு நடந்தது 2006-ஆம் ஆண்டில். அப்பொழுது அறிவிக்கப்பெற்ற தொகை 14,04,31,790. இன்று அந்நாட்டு மக்கள் இருபது கோடிக்கு மேற்பட்டவர் எனப் பலரும் கூறுவது, அப்பழந்தொகையின்மீது கணித நூலார் அடுக்கிய மதிப்பீடேயன்றி, ஆள் ஆளாய் எண்ணிய கணக்கன்று. கல்வி குறைந்தமையும், காடும் பாலையும் விரிந்து கிடப்பதும் இதற்குக் காரணம் என்று நினைப்பாருண்டு. நான் அங்ஙனம் கருதவில்லை. கல்வி மிக்க லாகோஸ் நகரத்திலேயே இவ்வழக்குத் தலைசிறந்து நிற்கின்றது. மெய்க்காரணம் வேறு, தலையொன்றுக்கு விலை வைக்கப்பட்டுள்ளது என்பதே அது.

நைஜீரியாவின் அரசிறையுட் பெரும்பகுதி நெடுங்காலம் பெட்ரோலிய எண்ணெயால் வந்தது. அஃது ஒரே பேழையிற் சேர்க்கப்பட்டு, திங்கள்தோறும் தலைநகராகிய அபுஜாவில் நடுவணரசு, 36 மாநிலங்கள், 774 உள்ளாட்சி மன்றங்கள் ஆகிய மூவகையார்க்கும் பங்கிடப்படும். எண்ணெய் விளையும் மாநிலங்கட்கு அவ்வருவாயில் நூற்றுக்குப் 13-க்குக் குறையாத பங்கு முதற்கண் ஒதுக்கப்படும். எஞ்சியதில் மாநிலங்கள் தம்முட் பிரித்துக்கொள்ளும் பங்கில் நூற்றுக்கு 40 எல்லார்க்கும் ஒப்ப, 30 மக்கட்டொகையின்படி. மற்றவை நிலப்பரப்பு முதலியன நோக்கிப் பகுக்கப்படும். கீழவையின் 360 இடங்களும் மக்கட்டொகை பற்றியே வகுக்கத்தக்கன. ஆதலின் ஒரு மாநிலத்தில் பத்து இலட்சம் பேர் மிகுதியாகக் காட்டப்பட்டால் அது வெறும் எழுத்தாய் ஏட்டில் உறங்குவதில்லை. மாதந்தோறும் பணமாய் வந்து சேரும். பேழையை நிரப்புவது எவர் உழைப்பாயினும், அதிலிருந்து முகப்பதற்குத் தலைகளே அகப்பையாகும் நாட்டில், தலைகள் பெருகாமல் என் செய்யும்?

இதன் வேர் விடுதலைக்கு முந்தியது. 1952-53 குடிமதிப்பில் நாட்டுத் தொகை ஏறத்தாழ 3 கோடி. அதிற் பாதிக்கு மேற்பட்டோர் வடபகுதியினர். அக்கணக்கைக்கொண்டு 1959-ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடாளுமன்றத்தின் 312 இடங்களுள் 174 வடக்கிற்கே வழங்கப்பட்டன. கிழக்கும் மேற்கும் லாகோஸும் ஒன்றுகூடினும் வடக்கை வெல்லுதல் இயலாது. 1960-இல் விடுதலை வந்தபின் தெற்கிலுள்ளார் நம்பிக்கை முழுதும் அடுத்த குடிமதிப்பின்மீதே நின்றது.

1962-இல் அது வந்தது. முதற்கணக்கில் வடக்கின் தொகை சற்றேறக்குறைய 2 கோடியே 25 இலட்சம் எனவும், தெற்கு அதனினும் சிறிது மிக்கது எனவும் கண்டனர். கீழ்ப்பகுதியார் பத்தாண்டில் நூற்றுக்கு 70-க்கு மேல் பெருகியதாகக் காட்டியிருந்தனர். குடிமதிப்பின் தலைமை அலுவலராயிருந்த வாரன் என்னும் ஆங்கிலேயர் இதனை நம்பத்தகாததென்று குறித்தார். இதற்குள் வடக்கினர் தம் கணக்கை மீண்டும் சரிபார்த்தனர். சரிபார்த்ததில் முன்னர் விடுபட்டோராக 85 இலட்சம் பேர் அகப்பட்டனர்! ஒரு சிறு நாட்டின் மக்கள் அனைவரும் எண்ணுவோர் கண்ணிற் படாது எங்கே ஒளிந்திருந்தனர் என்று கேட்டால் விடை கூறுவாரில்லை. முதலமைச்சர் அபுபக்கர் தஃபாவா பலேவா அக்கணக்கை முழுதும் தள்ளி, 1963 நவம்பரில் மறுபடி எண்ணுவித்தார். இம்முறை வந்த தொகை 5 கோடியே 56 இலட்சம். வடக்கு 2 கோடியே 98 இலட்சம். அஃதாவது பழையபடி பாதிக்குச் சற்று மேல். கீழ்ப்பகுதியின் முதல்வர் மைக்கேல் ஒக்பாரா இதனை ஏற்க மறுத்தார். அப்பகுதி அரசு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றும் பயன் பெறவில்லை.

இத்தொகையை உரைத்துப் பார்ப்பதற்குப் பெருங்கணிதம் வேண்டா. 1953-இலிருந்து 1963-க்குள் 3 கோடி 5½ கோடியாயிற்றெனின், ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்ட பெருக்கம் நிகழ்ந்திருத்தல் வேண்டும். மக்கட் பிறப்பால் மட்டும் அத்துணைப் பெருக்கம் நேர்தல் அரிது. இனி, ஆண்டுக்கு 2¾ என்னும் நடுத்தர வளர்ச்சியை வைத்து 1953-இன் தொகையை முன்னே நடத்திச் செல்லின், 1991-இல் 8½ கோடியில் வந்து நிற்கும். 1963-இன் தொகையை அவ்வாறே நடத்தின் 12 கோடிக்கு அருகில் வந்து நிற்கும். 1991-இல் உண்மையில் எண்ணியபோது கண்டதோ 8 கோடியே 89 இலட்சம். 1953-இன் தொகையும் குறைபாடுடையதே என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். அஃது உண்மையாயின் 1963-இன் மிகை ஓரளவு குறையலாம்; முற்றும் நீங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வடக்கும் தெற்கும் இருபாலும் ஏற்றியே எழுதின என்பதே என் துணிபு. தெற்கின் இதழ்களைப் படிப்போர் வடக்கின் பொய்யை மட்டுமே அறிவர். ஒக்பாராவின் பகுதியும் 1962-இல் தூய கையோடு வரவில்லை என்பதை மறத்தலாகாது.

1966-இல் படைவீரர் புரட்சியும், 1967 முதல் 1970 வரை பயாஃப்ராப் போரும் நிகழ்ந்தன. அவற்றிற்குக் குடிமதிப்பே காரணமென்று கூறுதல் மிகை. ஆனால் ஒருவரையொருவர் நம்பாமைக்கு எண்களால் எழுதிய சான்று அதனாற் கிடைத்தது. 1973-இல் மீண்டும் எண்ணினர். மேல் மாநிலம் பத்தாண்டிற் குறைந்துவிட்டதென்றும், வடகிழக்கு மாநிலம் ஏறத்தாழ இருமடங்காயிற்றென்றும் கணக்கு வந்தது. 1975-இல் ஆட்சியைக் கைப்பற்றிய முர்த்தலா முகமது அதனை நீக்கிவிட்டார். பழைய 1963-ஆம் ஆண்டுத் தொகையே மேலும் பல்லாண்டு அரசாண்டது.

1991-இலும் 2006-இலும் எண்ணியோர் ஒரு வழியைக் கையாண்டனர்: சமயம் யாது, இனம் யாது என்னும் வினாக்களை விட்டுவிட்டனர். 2006-இல் நைஜீரியக் கிறிஸ்தவ சங்கத்தார் இதனை எதிர்த்து, சமயத்தைக் கேளாவிடின் தாம் ஒத்துழையோம் என்றனர். கிறிஸ்தவ மாணவனாகிய நான் அவர் பக்கமே பேசுவேன் என்று இதனைப் படிப்போர் எதிர்பார்த்தல் கூடும். நான் பேசேன். திருச்சபையின் அளவை அரசாங்கத்தின் எழுத்தாளர் வாயிலாக அறிய விரும்புதல் திருச்சபைக்குப் பெருமை தருவதாக எனக்குத் தோன்றவில்லை. அவ்வினாவை நீக்கியது சரியே. எனினும் நோய் அங்கில்லை. மாநில எல்லையே இனத்தையும் சமயத்தையும் ஓரளவு காட்டிவிடுமாகலின், கேளாமலே கணக்கிட்டுக்கொண்டனர்.

2006-இல் செயற்கைக்கோட் படங்களும் பொறியாற் படிக்கும் தாள்களும் வந்தன. முடிவு வந்தபோது கானோ மாநிலம் 94,01,288, லாகோஸ் 91,13,605. லாகோஸ் அரசு வெகுண்டது. தான் தனியே எண்ணிவைத்திருந்த கணக்கை எடுத்துக்காட்டித் தன் மக்கள் 1 கோடியே 75 இலட்சத்திற்கு மேல் என்றது. ஒரே நகரம், ஒரே ஆண்டு. இரு கணக்கிற்கும் இடையே 84 இலட்சம் பேர்! நடுவணரசின் கணக்கை லாகோஸார் நம்பாதது இயல்பே. ஆனால் பங்கு கேட்பவன் தானே எண்ணிய கணக்கை நாம் நம்புதற்கும் காரணமில்லை. இவ்வழக்கின் பின்னே வேறொரு புண்ணும் உண்டு. கானோவில் உள்ளாட்சி மன்றங்கள் 44, லாகோஸில் 20. பழைய கானோவினின்று 1991-இற் பிரிந்த ஜிகாவாவில் மேலும் 27. லாகோஸ் 2003-இல் புதிய மன்றங்கள் 37 வகுத்துக்கொண்டபோது, குடியரசுத் தலைவர் ஒபசாஞ்சோ அம்மாநில மன்றங்களுக்குரிய பணத்தையே நிறுத்திவைத்தார். நிறுத்துதற்கு அவர்க்கு அதிகாரமில்லை என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

வாக்காளர் பட்டியலைக்கொண்டு வழக்கைத் தீர்க்கலாம் என்பார் சிலர். 2023-இல் லாகோஸில் பதிந்தோர் 70 இலட்சம், கானோவில் 59 இலட்சம். இது லாகோஸார்க்கு இனிக்கும். ஆனால் பட்டியலில் இருப்போர் 18 ஆண்டு நிரம்பியவரே. வடக்கின் இல்லங்களிற் குழந்தைகள் மிகுதி. வேலை தேடி இளைஞர் வந்து குவிவது லாகோஸில். ஆதலின் இச்சான்று எவர்க்கும் முழுச்சான்றாகாது.

இவ்வழக்கில் இழப்பவர் யார்? அரசியலார் அல்லர். பள்ளியில்லாத ஊரில் எத்தனை சிறுவர் உளர் என்பதை அறியாமலே பள்ளி கட்டுகின்றனர். மருந்தின் அளவையும் மதிப்பீட்டால் அறுதியிடுகின்றனர். ஆனால் எண்ண இயலாது என்பதும் பொய். இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கச் சொட்டுமருந்து கொடுத்தோர், வடநாட்டில் 2012 முதலாகச் செயற்கைக்கோட் படங்களைக்கொண்டு ஊர்களை வரைந்தபோது, எந்த வரைபடத்திலும் இல்லாத சிற்றூர்கள் பலவற்றைக் கண்டனர். வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைத் தேடினர். அவ்வேலையிலும் பொய்க்கணக்கு ஒருசிறிதும் இல்லாமற் போகவில்லை. 2003-இல் கானோவில் அம்மருந்தையே சில காலம் விலக்கிவைத்திருந்தனர். எனினும் 2020-இல் அந்நோய் இயற்கையாற் பரவுதல் நின்றதென்று உலகம் ஒப்புக்கொண்டது. மருந்துக் கணக்கில் பிள்ளைகளை ஏற்றி எழுதினால் ஊர்க்கு ஊதியம் ஒன்றுமில்லை. அதனால் அக்கணக்கு மெய்யை நெருங்கிற்று. தலைக்குப் பணம் என்னும் பகுதியைச் சுருக்கி, அதனைப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகள், பதிவான பிறப்புகள், விரல் அடையாளத்தோடு தேசிய எண் பெற்றோர் ஆகிய கண்கூடான கணக்குகளோடு கட்டினால், எண்ணுவோர்க்குப் பொய் சொல்லும் ஆசை தணியும் என்பது என் கருத்து. அவ்வெண்ணை இதுகாறும் 10 கோடிக்கு மேற்பட்டோர் பெற்றுள்ளனர்.

நம் நாட்டார் இதனைப் படித்து நகைத்தல் வேண்டா. இந்திய நாடாளுமன்றத்தில் மாநிலங்கட்குரிய இடங்கள் 1971-ஆம் ஆண்டுக் கணக்கின்மேல் நிறுத்திவைக்கப்பட்டதும், பிறப்பைக் குறைத்த தமிழ்நாடு தன் இடங்களை இழக்குமோ என அஞ்சுவதும் நாம் அறிந்தனவே. வேற்றுமை ஒன்றுண்டு: இங்கே கணக்கைப் பெரும்பாலும் எல்லாரும் நம்புகின்றனர், அதன் விளைவிற்கே அஞ்சுகின்றனர். அங்கே கணக்கையே எவரும் நம்பவில்லை.

நைஜீரியாவில் அடுத்த குடிமதிப்பு 2023 மே 3-ஆம் நாள் தொடங்குவதாயிருந்தது. சில நாட்களுக்கு முன், பதவி நீங்கும் தருவாயிலிருந்த தலைவர் புஹாரி அதனை ஒத்திவைத்து, வரும் ஆட்சிக்கு விட்டார். மே 29-இல் ஆட்சியேற்றவர் போலா டினுபு. 2006-இல் லாகோஸ் ஆளுநராயிருந்து, நடுவணரசின் கணக்கைத் தள்ளித் தம் கணக்கை நீட்டியவர் அவரே. 2025 ஏப்பிரலில் இதன்பொருட்டுக் குழுவொன்றை அமைத்தார். நாளை அவர் எண்ணுவிக்கும் கணக்கில் லாகோஸ் முந்தினால் கானோவார் என் சொல்வர் என்பதையும், கானோ முந்தினால் லாகோஸார் என் சொல்வர் என்பதையும் அவரினும் நன்கறிந்தவர் அந்நாட்டில் இலர்.