கல்லாமேசைக்கு இரண்டு மரம்: உப்புக்காற்றில் நிறம் நிற்க என்ன செய்வது?

பழவேற்காடு ஏரிக்கரையில் கடை வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. தராசு, ஷட்டர், சைக்கிள் எதையும் அது விட்டுவைப்பதில்லை. கோட்டைக்குப்பம், வைரவன்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்களில் கடைக்குப் புதிதாகக் கல்லாமேசையோ அலமாரியோ செய்ய நினைக்கும் அன்பர்களுக்காக இதை எழுதுகிறோம். கறுத்த சட்டத்துக்குள் மஞ்சள் பலகை வைத்தால் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஆசாரி ஒப்படைக்கும் நாளில் தெரியும் நிறத்தை மட்டும் பார்த்து மரம் வாங்குவது பாதிக் கணக்கு. ஐந்தாறு வருடம் கழித்து அந்த இரண்டும் என்ன நிறத்தில் நிற்கும் என்பது மீதிக் கணக்கு.

இந்தக் கடற்கரைக்கு நல்ல மரவேலை புதிதல்ல. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613ல் கெல்டிரியா கோட்டையை எழுப்பி வாணிபம் செய்த அந்த நூற்றாண்டில், சோழமண்டலக் கரைத் தச்சர்கள் கருங்காலியில் செதுக்கிய நாற்காலிகள் கப்பலேறி ஐரோப்பா போயின. நூறு வருடம் கழித்து ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயப் பிரபு, அப்படிப்பட்ட நாற்காலிகளைத் தம் நாட்டுப் பழைய மன்னர் காலத்துப் பொருள் என்றே நம்பி வாங்கிச் சேர்த்தார். நம் ஆசாரிமார்களின் கைக்கு இதைவிட நற்சான்று வேண்டியதில்லை! இலங்கையில் டச்சுக் காலத்துத் தச்சர்கள் கருங்காலியோடு மஞ்சள் முதிரையைச் சேர்த்தார்கள். ஒன்று கறுத்தே இருக்கும், மற்றது பொன்னிறத்தில் நிற்கும். காலம் போனாலும் வேறுபாடு போகாது. அந்தக் கருங்காலி இன்று மேசை செய்யும் அளவுக்குக் கிடைக்காது. நாம் வேறு ஜோடி தேட வேண்டும்.

தேக்கும் பலாவும் சேர்ந்தால் அழகு என்று பலர் நினைக்கிறார்கள். புதிதில் பலா நல்ல மஞ்சள், தேக்கு அதைவிடக் கொஞ்சம் மங்கல். ஆனால் வெளிச்சம் பட்டு இரண்டும் பழுப்பாகிவிடும். சில வருடத்தில் எது பலா, எது தேக்கு என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. இதற்காக இரண்டு மரத்துக்குப் பணம் கொடுப்பது வீண். தேக்கு அல்லது பலாவோடு ஈட்டி சேர்த்தால் வேறுபாடு நிற்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: வெயில் நேராக விழும் கடைமுகப்பில் ஈட்டியும் மெல்ல வெளுக்கும். அதைக் கடையின் உட்புறத்தில் போடுவது நல்லது.

ஈட்டி விலை கட்டுப்படியாகாதவர்கள் பூவரசைப் பார்க்கலாம். கடலோரத்தில் தானாக வளரும் மரம், படகு வேலைக்கும் பழக்கப்பட்டது. அதன் வைரம் கரும்பழுப்பு. சுற்றியுள்ள வெளிர்ப்பகுதியும் வேறுபட்டுத் தெரியும் என்பதால் இரண்டையும் கலந்து போடலாமே என்று தோன்றும். வேண்டாம், வெளிர்ப்பகுதியைப் பூச்சி அரித்துவிடும். வேங்கை உறுதியான மரம், ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். பக்கத்தில் வெளிர்நிற மரம் இருந்தால் கறை ஏறும்.

இனி ஏமாற்று. சாதா மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி ஈட்டி என்று விற்பது உண்டு. பலகையின் அடிப்பக்கத்தை ஒரு பிளேடால் சுரண்டிப் பாருங்கள். ஈட்டியென்றால் உள்ளேயும் அதே நிறமும் வரியும் இருக்கும். கையில் தூக்கினாலும் தெரியும், தேக்கைவிட ஈட்டி கனமானது. ரசீது இல்லாமல் ஈட்டி வாங்கவே வாங்காதீர்கள். இந்த மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994ல் தனிச் சட்டமே வந்தது. 2017 முதல் உலக வாணிபத்திலும் கட்டுப்பாடு இருக்கிறது. வனத்துறை கேட்கும்போது மேசைக்குச் சொந்தக்காரர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நிறத்தைப் போலவே முக்கியம், இரண்டு மரத்தையும் எப்படிச் சேர்க்கிறோம் என்பது. ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து அகலும், சித்திரையில் சுருங்கும். இரண்டடி அகலப் பலகையில் இது சில மில்லிமீட்டர் வரும். அந்தப் பலகைக்குக் குறுக்கே கறுப்புப் பட்டையைப் பசை போட்டு இறுக்கினால், ஒன்று பட்டை பெயரும், இல்லை பலகை வெடிக்கும். சட்டத்தில் பள்ளம் எடுத்துப் பலகையைப் பசையில்லாமல் செருகி, அசைய இடம் விடச் சொல்லுங்கள். இரும்பு ஆணி அடிக்க விடாதீர்கள். உப்பு ஈரத்தில் இரும்பு துருப்பிடிப்பதோடு, மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை விடும். மஞ்சள் மரத்தில் அது பளிச்சென்று தெரியும். பித்தளைத் திருகாணி கொஞ்சம் விலை கூடுதல், பரவாயில்லை. உப்பு மூட்டையை மேசைக் காலில் சாய்த்து வைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும்.

மெருகு விஷயத்தில் ஆசாரியிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அரக்கில் செய்யும் ஸ்பிரிட் பாலிஷ் மரத்தின் நிறத்தை அழகாக எடுத்துக்காட்டும். ஆனால் ஈரக் கையும் சூடான டீ கிளாஸும் படும் இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். ஆகவே அதைக் கண்ணாடி அலமாரிக்கு வைத்துக்கொண்டு, மேசையின் மேல்பலகைக்கு பாலியூரித்தேன் போடலாம். ஈட்டியில் எண்ணெய்ப் பசை உண்டு. நேராக அடித்தால் பூச்சு சரியாகக் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். முதலில் மெழுகு நீக்கிய அரக்கை ஒரு கை பூசி, பிறகு அடிப்பது வழி. மழை நாளில் பூச்சு வேலையே வைத்துக்கொள்ள வேண்டாம். மாசி, பங்குனி தோதான மாதங்கள்.

ஆளிவிதை எண்ணெய் பூசினால் செலவு குறைவு. ஆனால் மஞ்சள் மரம் நாளாவட்டத்தில் கறுத்து, நாம் காசு கொடுத்து வாங்கிய வேறுபாடு மங்கும். அதோடு அந்த எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். சாக்கும் அட்டைப்பெட்டியும் நிறைந்த மளிகைக் கடைக்குள் இது பெரிய ஆபத்து. வேலை முடிந்த அன்றே துணியைத் தண்ணீரில் நனைத்து, கடைக்கு வெளியே விரித்து உலர்த்தச் சொல்லுங்கள்.