காதுக்குள் ஒரு கச்சேரி

எங்கள் தெருவில் நிட்டிங் மிஷின் இரவெல்லாம் இரையும். அதை மீற நண்பர்கள் இயர்போனில் ஒலியைக் கூட்டுகிறார்கள். 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை.

உயர்தர இயர்போன் காதுத் துளையை நன்றாக அடைத்து வெளி ஓசையைத் தடுக்கிறது. குறைந்த ஒலியே போதும். 1991இல் வந்த எடிமோட்டிக் ஈஆர்-4 இதற்கே பெயர் பெற்றது. சிறு இடுக்கு விழுந்தாலோ மிருதங்கத்தின் தொப்பி நாதம் மறைந்து, பத்தாயிரம் ரூபாய்க் கருவியும் கீச்சிடும்!

உள்ளிருக்கும் ஒலிப்பான் எளிதில் கெடுவதில்லை. ஜாக் அருகே ஒயர் அறும். குறும்பியும் நம் ஊர்ப் பஞ்சுத் தூசியும் வலையை அடைக்கும். ஆகவே, ஒயரைக் கழற்றி மாட்டலாமா என்றுதான் நான் கடையில் முதலில் கேட்பேன்.