கணுக்கால் என்ன விலை?

ஒரு பையனை வேலையில் நிரந்தரமாக்கலாமா, வேண்டாமா என்று என்னிடம் ஒரு தடவை கேட்டார்கள்.

பி.காம். முடித்துவிட்டு, எழுத வருவதற்கு முன்னால், நான் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த காலம். பையன் படு கெட்டி. மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். ஆனால், மாதத்துக்கு நாலைந்து நாள் ஆஸ்துமா என்று லீவு. மேனேஜர் ஃபைலைப் புரட்டியபடி, "நீ என்னப்பா சொல்றே?" என்றார்.

நான் ரொம்ப ஜாக்கிரதையான பேர்வழி. "இன்னும் ஆறு மாசம் பார்க்கலாமே, ஸார்" என்றேன்.

அந்தப் 'பார்க்கலாமே' எவ்வளவு விலை உயர்ந்த வார்த்தை என்பதை எனக்குப் புரியவைத்தது... அமெரிக்க பாஸ்கெட்பால்!

சிரிக்காதீர்கள். என்.பி.ஏ.வில் முதல் சுற்றில் தேர்வாகும் இளம் ஆட்டக்காரருக்கு ஆரம்பச் சம்பளம் பட்டியல் போட்டதுதான். டீம் விரும்பினால் அந்த ஒப்பந்தம் நாலு வருஷம் வரை ஓடும். மூன்று சீஸன் முடிந்ததும் ஒரு கெடு தேதி வரும். 2012-ல் அது அக்டோபர் 31. அதற்குள் பேசி முடித்தால் ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம். இல்லையென்றால் அடுத்த கோடையில் பையன் சந்தைக்கு வந்துவிடுவான். அப்போதும் வேறு டீம் சொல்லும் விலையை அப்படியே கொடுத்து, பழைய டீம் அவனைத் தக்கவைத்துக்கொள்ளலாம். ஆனால், விலையைச் சொல்லப்போவது எதிர்வீட்டுக்காரன்!

அந்த 2012 கெடுவுக்கு முந்தைய வாரத்தில் இரண்டு பையன்கள் தராசில் நின்றார்கள். இருவரும் 2009-ல் தேர்வானவர்கள்.

முதல் ஆள் ஸ்டெஃபன் கர்ரி. வயசு 24. டீம், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். தூரத்திலிருந்து பந்தை எறிவதில் கில்லாடி. ஆனால், வலது கணுக்கால் இருக்கிறதே, அது வாடகை வீட்டுக் குழாய் மாதிரி. 2011-ல் ஒரு ஆபரேஷன், 2012-ல் இன்னொன்று. 2011-12 சீஸனில் டீம் ஆடிய 66 ஆட்டங்களில் அவர் ஆடியது 26.

இரண்டாவது ஆள் ஜேம்ஸ் ஹார்டன். வயசு 23. டீம், ஒக்லஹோமா சிட்டி தண்டர். உடம்பு கல்லுக்குண்டு. 2012-ல் சிறந்த மாற்று ஆட்டக்காரர் விருது வாங்கியவர். டீமும் அந்த வருஷம் இறுதிப் போட்டி வரை போயிருந்தது.

எந்தப் பையனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவீர்கள்? நானாக இருந்தால் ஹார்டனுக்கு. கர்ரிக்கு? வேறென்ன, 'பார்க்கலாமே!'

நடந்தது நேர் எதிர்.

ஒக்லஹோமாவில் ஏற்கெனவே டியூரன்ட், வெஸ்ட்புரூக், இபாகா என்று மூன்று பெரிய சம்பளங்கள். மொத்தச் சம்பளம் ஒரு எல்லையைத் தாண்டினால் என்.பி.ஏ.வில் அபராத வரி உண்டு. 2013-14 முதல் அது கடுமையாகப்போகிறது. எல்லைக்கு மேல் போகும் ஒவ்வொரு டாலருக்கும் குறைந்தது ஒன்றரை டாலர் வரி. அதிகபட்ச ஒப்பந்தம் என்றால் ஹார்டனுக்கு நாலு வருஷத்துக்கு 6 கோடி டாலர் சுமாருக்குக் கொடுக்க வேண்டும். டீம் அதற்குச் சில மில்லியன் குறைவாகச் சொன்னது. அவர் தலையாட்டவில்லை. அக்டோபர் 27-ம் தேதி ஆளை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹூஸ்டன் ஐந்து வருஷத்துக்கு 8 கோடி டாலர் கொடுத்தது. அங்கே ஆடிய முதல் ஆட்டத்திலேயே 37 பாயின்ட்!

கர்ரி விஷயத்தில் வாரியர்ஸ் பயந்ததா? பயந்தது. ஆனால், பயத்துக்கு ஒரு விலை போட்டது. நாலு வருஷம், 4 கோடியே 40 லட்சம் டாலர். கால் நன்றாக இருந்திருந்தால் இதற்கு மசிந்திருப்பாரா? டீமுக்குக் கிடைத்தது தள்ளுபடி. பையனுக்குக் கிடைத்தது இன்ஷூரன்ஸ். கால் மறுபடி மக்கர் பண்ணினாலும் அடுப்பு எரியும். கெடு நாளன்றே கையெழுத்தாகிவிட்டது.

அடுத்த சீஸனில் கர்ரி 78 ஆட்டம் ஆடினார். 2015, 2016 இரண்டு வருஷமும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். அப்போதும் அதே தள்ளுபடிச் சம்பளம்! 2016-ல் சம்பள உச்சவரம்பு 7 கோடியிலிருந்து 9 கோடியே 41 லட்சம் டாலருக்கு எகிறியது. அந்த ஏற்றமும் கர்ரியிடம் மிச்சமான பணமும் சேர்ந்ததில், வாரியர்ஸ் யாரை வாங்கியது தெரியுமா? ஒக்லஹோமாவின் டியூரன்ட்டை! ஹார்டன் 2018-ல் அதே சிறந்த ஆட்டக்காரர் விருதை ஹூஸ்டன் சட்டையில் வாங்கினார்.

ஒக்லஹோமாவின் கூட்டல் கழித்தலில் தப்பில்லை. ஆனால், நாங்கள் காலேஜில் படித்த கணக்கில் சொத்துக்குத் தேய்மானம் என்று ஒரு பத்தி உண்டு. வளர்மானம் என்று ஒரு பத்தி கிடையாது. 23 வயசுப் பையனை நேற்றைய விலைக்கு எடை போட்டால், நாளைக்கு விழும் துண்டு நம் தலையில்தான்.

"அப்படியானால் எல்லா இளசுகளுக்கும் அள்ளிக் கொடுத்துவிடலாமா?" என்பீர்கள். கூடாது, ஸார். போர்ட்லேண்ட் டீமின் பிராண்டன் ராய் என்று ஒருவர். 2009-ல் அவருக்கு ஐந்து வருஷ அதிகபட்ச ஒப்பந்தம் கொடுத்தார்கள். 2011 டிசம்பரில் முழங்கால்கள் தேய்ந்துபோய், 27 வயசில் ஓய்வு அறிவித்தார். ஆடாத ஆட்டத்துக்கும் டீம் சம்பளம் கொடுத்தது. தேய்மானமும் நிஜம்தான்!

ஆகவே, எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் அதற்கு ஒரு விலை போடுங்கள், டாக்டரைக் கேளுங்கள், பேரம் பேசுங்கள். கட்டவில்லை என்றால் 'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். 'பார்க்கலாம்' என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பையனும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எங்கள் ஆபீஸ் பையனிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மருந்து சாப்பிடுகிறாயா, எந்த மாசம் அதிகமாக இழுக்கிறது, வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க முடியுமா... எதுவுமே. லீவு லெட்டர்களை மட்டும் எண்ணினேன். இரண்டாவது மாசமே ராஜினாமா கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

பிறகு சி.ஏ. முடித்து, சொந்தமாக ஆபீஸ் போட்டுவிட்டான். இப்போது என் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதே அவன்தான். ஸாரி, அவர்தான். மேஜை மேல் இன்ஹேலர் இருக்கிறது. வாசலில் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள்.

கடைசியாகப் போனபோது, "ஃபீஸைக் கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்று இழுத்தேன்.

சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்னும் ஆறு மாசம் பார்க்கலாமே, ஸார்!"